1,250 ரூபாய் நீலக் கேபிள், பதினாறு மாதம் கழித்து

கேபிளுக்கெல்லாமா விமர்சனம் எழுதுவார்கள் என்று வீட்டிலேயே சிரித்துவிட்டார்கள். மிக்சிக்கு எழுதலாம், பிரியாணிக் கடைக்கு எழுதலாம். பைக்குள் சுருண்டு கிடக்கும் ஒரு கன்சோல் கேபிளைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? திருப்பூர், பல்லடம், அன்னூர் பக்கத்து மில்களுக்கும் பனியன் கம்பெனிகளுக்கும் நெட்வொர்க் பார்த்துக்கொடுப்பது என் பிழைப்பு. பதினெட்டு வருடமாக இதே வேலை. இத்தனை வருடத்தில் என் தூக்கத்தை அதிகம் கெடுத்தது எது என்று கணக்குப் போட்டால், கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கிற நெட்வொர்க் ஸ்விட்ச்சும் வராது, ரூட்டரும் வராது. அவற்றோடு பேசுவதற்காக நான் வைத்திருந்த கேபிள்தான் வரும்.

சாமான் இதுதான். ஒரு முனையில் யூஎஸ்பி, மறுமுனையில் ஆர்ஜே-45 (லேன் கேபிளில் இருக்கிற அதே முனை), நடுவில் 1.8 மீட்டருக்குத் தட்டையான வெளிர் நீலக் கேபிள். யூஎஸ்பி தலைக்குள், யூஎஸ்பியைக் கன்சோலுக்குப் புரிகிற சீரியல் பேச்சாக மாற்றுகிற எஃப்டிடிஐ கம்பெனியின் எஃப்டி232ஆர் சிப். உறையில் ஏதோ ஒரு பெயர் அச்சடித்திருந்தது, அதை இங்கே எழுதி உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. இதே கேபிள் நாலைந்து பெயர்களில் வருகிறது, அடுத்த தடவை கடைக்குப் போனால் உறை மாறியிருக்கும். கேட்டு வாங்க வேண்டியது சிப்பின் பெயரை.

கன்சோல் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வரி. முன்வாசல் பூட்டிக் கிடந்தாலும் கொல்லைப்புறமாக வீட்டுக்குள் போகிற மாதிரி, ஐபி முகவரி இருந்தாலும் இல்லாவிட்டாலும், நெட்வொர்க் ஓடினாலும் படுத்தாலும், ஸ்விட்ச்சின் உள்ளே நேராகப் போய்ப் பேச அதில் ஒரு தனி ஓட்டை இருக்கும். அதற்கான சாவி இந்தக் கேபிள்.

இதை நான் வாங்கிய கதையைச் சொன்னால்தான் 1,250 ரூபாய் நியாயமா இல்லையா என்று உங்களுக்குப் புரியும்.

ஐப்பசி மழை. ராத்திரி பத்தேகாலுக்கு அன்னூர் தாண்டி ஒரு ஸ்பின்னிங் மில்லிலிருந்து போன். "ஏனுங்கண்ணா, தூங்கீட்டீங்களா? டெஸ்பாட்ச்ல நெட்டு இல்லீங்க. ஈவே பில் போட முடியலீங்க, வண்டி நிக்குதுங்க." இச்சல்கரஞ்சிக்கு நூல் ஏற்றிய லாரி. பில் இல்லாமல் கேட்டைத் தாண்டாது. டிரைவர் கேபினில் ஏறிப் படுத்துவிட்டார். மேனேஜர் மட்டும் குடை பிடித்துக்கொண்டு அங்குமிங்கும் நடக்கிறார். அவிநாசி வழியாக மழையில் நனைந்துகொண்டு போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றரை.

ரேக்கைத் திறந்தால் பஞ்சு. ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, ஃபேன் வலைமேல் கம்பளி போர்த்தின மாதிரி படிந்திருக்கும். எடைமேடை ரூமுக்குப் போகிற போர்ட்தான் படுத்திருந்தது. எலக்ட்ரீஷியன் தம்பி ஏற்கெனவே மூன்று தடவை ஸ்விட்ச்சை அணைத்துப் போட்டுப் பார்த்திருந்தார். "வருதுங்கண்ணா, வந்த வேகத்துல போயிருதுங்க." ஸ்விட்ச்சுக்கு ஐபி கொடுத்திருக்கிறார்களா என்பதே யாருக்கும் தெரியாது. மாட்டிக் கொடுத்த ஆள் ஊரை விட்டே போய்விட்டார். ஆக, கன்சோல்தான் வழி.

அப்போது என்னிடம் இருந்தது 400 ரூபாய்க் கேபிள். அதுவும் நீலம்தான், பார்த்தால் இரட்டைப் பிள்ளை மாதிரி இருக்கும். விற்றவர் "ஒரிஜினல்" என்று சொல்லித்தான் கொடுத்தார். அதற்கு முந்தின வாரம்தான் என் லேப்டாப் விண்டோஸ் 11-க்கு மாறியிருந்தது. கேபிளைச் செருகினேன், டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம். பக்கத்தில் போர்ட்டின் பெயர் வர வேண்டிய இடத்தில் ஒரு வாசகம்: பிஎல்2303எச்எக்ஸ்ஏ சிப் 2012-லேயே நிறுத்தப்பட்டுவிட்டது, உங்கள் சப்ளையரைத் தொடர்புகொள்ளவும். எலக்ட்ரீஷியன் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார், "சப்ளையரை இந்நேரத்துல எங்கீங்கண்ணா போயிப் புடிக்கிறது?"

அந்த வாசகத்தின் பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். பிஎல்2303 என்பது தைவானின் புரோலிஃபிக் கம்பெனியின் சிப். போலிகள் கணக்கு வழக்கில்லாமல் சந்தைக்கு வந்ததால், புதிய டிரைவர் பழைய வகைச் சிப்பைக் கண்டாலே வேலை செய்ய மறுத்துவிடும். 2008-ஆம் வருடத்து 3.3.2.102 என்கிற பழைய டிரைவரைத் தேடிப் போட்டால் பெரும்பாலும் ஓடும். அந்த ரூமுக்குள் சிக்னல் ஒரு கோடு. செல்போனை ஜன்னல் கம்பியில் சொருகி வைத்து, அரை மணி நேரம் தவம் கிடந்து அந்த டிரைவரை இறக்கினேன். முக்கோணம் போனது. கன்சோலோடு பேசுகிற புட்டி (PuTTY) மென்பொருளில் போர்ட் திறந்தது. எதிரே கறுப்புத் திரை. என்டர் தட்டுகிறேன், தட்டுகிறேன், ஒரு எழுத்தும் வரவில்லை.

கன்சோலில் கறுப்புத் திரை வந்தால் சந்தேகப்பட எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஸ்பீடு தப்பா? எழுத்துப் போக்கை நிறுத்தி அனுப்புகிற ஃப்ளோ கன்ட்ரோலா? டிரைவரா? கேபிளுக்குள் கம்பி அறுந்திருக்கிறதா? ஸ்விட்ச்சின் ஓட்டையா? ஸ்விட்ச்சேவா? ஓட்டையில் டார்ச் அடித்துப் பார்த்தேன், சுண்டுவிரல் நகமளவு பஞ்சு அடைத்திருந்தது. இதற்கென்றே பையில் ஒரு பல் பிரஷ் உண்டு, சுத்தம் செய்தேன். அப்போதும் கறுப்புதான். ஸ்பீடை 9600, 115200, 38400 என்று ஒவ்வொன்றாக மாற்றினேன். ஒரு மணி ஆகிவிட்டது. மேனேஜர் வந்து நின்று, குரலைத் தாழ்த்தி, "ஸ்விட்ச்சே போயிருச்சுங்களா? புதுசுக்குக் கொட்டேஷன் கேட்டுரலாங்களா?" என்றார். இல்லை என்று அடித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. அங்கேதான் எனக்கு அவமானம்.

லாரியை எப்படி அனுப்பினோம் என்றால், பில் போடும் கம்ப்யூட்டரையே தூக்கிவந்து ரேக் பக்கத்தில் ஒரு அட்டைப் பெட்டிமேல் வைத்து, வேறு போர்ட்டில் நேராகச் செருகி பில் போட்டோம். வண்டி இரண்டரைக்குக் கிளம்பியது.

மறுநாள் காலை கோவை. காந்திபுரத்தில் மாடிமேல் ஒரு சின்னக் கடை, கம்ப்யூட்டர் உதிரிச் சாமான். படி ஏறும்போதே சுவரெல்லாம் பழைய மதர்போர்டு தொங்கும். முதலாளிக்கு அறுபதைத் தாண்டிய வயது. கன்சோல் கேபிள் வேண்டும் என்றதும் கேட்டார், "எதுல குடுக்கட்டுங் தம்பி? 400-லயும் இருக்குது, 1,250-லயும் இருக்குது."

"ரெண்டுக்கும் என்னங்கய்யா வித்தியாசம்?"

"400-க்கு வாங்குனீங்கன்னா மறுபடி வருவீங்க. 1,250-க்கு வாங்குனா வரமாட்டீங்க. எனக்கு எதுல லாபம்னு நீங்களே பாத்துக்குங்க."

இப்படிப் பேசுகிற கடைக்காரரிடம் வாங்காமல் வர எனக்கு மனம் வராது. ஆனால் அவர் பேச்சோடு நிறுத்தவில்லை. முந்தின ராத்திரிக் கதையைச் சொன்னதும், "அந்தப் பழசக் கொண்டாங், பாப்போம்" என்று வாங்கித் தன் கவுன்டர் கம்ப்யூட்டரில் செருகினார். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பொருளை எடுத்தார். நாம் சுவரில் மாட்டும் சாதாரண ஐஓ, பஞ்ச் டூலால் கம்பி அடிக்கிற அதே ஆர்ஜே-45 சாக்கெட். அதன் முதுகில் ஒரே ஒரு துண்டுக் கம்பி, இரண்டு அங்குலம் இருக்கும். ஒரு முனை பச்சை-வெள்ளைப் பள்ளத்தில், மறுமுனை பச்சைப் பள்ளத்தில். அவ்வளவுதான்.

அது எதற்கென்றால், கன்சோல் ஆர்ஜே-45-இல் எட்டு ஊசி உண்டு. ஸ்விட்ச் செய்கிற சிஸ்கோ கம்பெனி வழக்கப்படி 3-ஆவதில் பேச்சு போகும், 6-ஆவதில் பேச்சு வரும். ரோல்ஓவர் என்று கேபிளைத் தலைகீழாகத் திருப்பினாலும் 3 போய் 6-இல் விழும், 6 போய் 3-இல் விழும், ஜோடி மாறாது. பி ஸ்டாண்டர்டில் அடிக்கும் ஐஓவில் 3-உம் 6-உம் பச்சை ஜோடி. அந்த இரண்டையும் ஒன்றாக இணைத்துவிட்டால், கேபிள் வழியாக அனுப்பிய எழுத்து அங்கே முட்டி அதே கேபிள் வழியாகத் திரும்பி வர வேண்டும். ஸ்விட்ச்சே தேவையில்லை.

பெரியவர் என் பழைய கேபிளின் முனையை அந்த ஐஓவில் டக் என்று செருகினார். புட்டியைத் திறந்து ஃப்ளோ கன்ட்ரோலை "நன்" (எதுவும் வேண்டாம்) என்று வைத்தார், விசைப்பலகையில் கடகடவென்று தட்டினார். திரை அசையவே இல்லை. கேபிளை முனைப்பக்கம் மடக்கிப் பிடித்துத் தட்டினார், இரண்டு எழுத்து வந்து நின்றது. "உள்ள கம்பி அந்துருச்சுங் தம்பி." புதுக் கேபிளைச் செருகினார். தட்டியதெல்லாம் வரிசையாகத் திரும்பி வந்தது. ஐஓவை உருவினார், நின்றது. செருகினார், வந்தது. அதற்கு அப்புறம்தான் பில் எழுதினார். ஐஓவை என் கையில் வைத்து, "இதையும் வெச்சுக்குங், நான் வேற அடிச்சுக்கறேன்" என்றார். காசு வாங்கவில்லை. இப்போது அது தாயத்து மாதிரி என் பையின் ஜிப்பில் தொங்குகிறது.

அன்று சாயங்காலமே மில்லுக்குப் போனேன். கேபிளைச் செருகி என்டர் தட்டியதும், கட்டளைக்குக் காத்திருக்கிற பிராம்ப்ட் வந்து நின்றது. ஷோ இன்டர்ஃபேஸ் ஸ்டேட்டஸ் போட்டால் 7-ஆவது போர்ட் எர்-டிசேபிள்டு. லாகில் காரணம், பிபிடியூ கார்டு (guard) என்கிற காவல். ஸ்விட்ச், தான் அனுப்பிய பிபிடியூ என்கிற பாக்கெட்டே சுற்றிக்கொண்டு தன்னிடம் திரும்பி வருவதைப் பார்த்து, எங்கோ லூப் ஆகிவிட்டது என்று போர்ட்டைத் தானே மூடியிருக்கிறது. வந்த வேகத்தில் போவதும் இதனால்தான், அந்தப் பாக்கெட் இரண்டு நொடிக்கு ஒன்று வரும். எடைமேடை ரூமில் மேசைக்கடியில் குனிந்து பார்த்தால், ஐந்து போர்ட் டெஸ்க் ஸ்விட்ச் ஒன்று, அதில் ஒரே கேபிளின் இரண்டு முனையும் செருகியிருந்தது. கூட்டுகிற அம்மிணி, தொங்கிக்கொண்டிருந்த முனையை நல்ல மனசோடு எடுத்துச் செருகிவிட்டுப் போயிருக்கிறார். உருவினேன். ஷட், நோ ஷட் என்று போர்ட்டை மூடித் திறந்தேன். மொத்தம் நாலு நிமிடம். செத்துப்போனதாக நினைத்த ஸ்விட்ச்தான் இருந்ததிலேயே புத்தியோடு நடந்துகொண்டது. கொட்டேஷன் குப்பைக்குப் போனது.

ஆகவே 1,250 ரூபாய்க்கு எனக்குக் கிடைத்தது கேபிள் என்று சொல்வதைவிட, சந்தேகப் பட்டியலில் இரண்டு பெயர் குறைந்தது என்று சொல்வேன். டிரைவரும் கேபிளும் சரியாக இருக்கின்றன என்று அரை நிமிடத்தில் நிரூபித்துவிட்டால், மீதியைத் தேடலாம்.

அந்தச் சோதனையில் ஒரு ஓட்டை உண்டு, அதையும் சொல்ல வேண்டும். 4, 5-இல் வரும் கிரவுண்டு கம்பியை ஐஓ வித்தை சோதிக்காது. கிரவுண்டு அறுந்திருந்தாலும் எழுத்து திரும்பி வந்துவிடும், ஸ்விட்ச்சில் போட்டால்தான் குப்பை கொட்டும். எனக்கு இதுவரை அப்படி ஆனதில்லை. அப்புறம் புட்டியில் லோக்கல் எக்கோவை யாராவது ஆன் செய்து வைத்திருந்தால் கேபிளே இல்லாமலும் எழுத்து வரும். ஐஓவை ஒரு தடவை உருவிப் பார்த்துவிடுங்கள்.

சிப் விஷயத்துக்கு வருகிறேன். எஃப்டிடிஐ ஸ்காட்லாந்துக்காரர்கள், கிளாஸ்கோவில் இருக்கிறார்கள். இவர்கள் சிப்புக்கும் போலி ஏராளம். 2014-இல் இவர்களுடைய டிரைவர் ஒன்று விண்டோஸ் அப்டேட் வழியாக வந்து, போலிச் சிப்பைக் கண்டால் அதன் அடையாள எண்ணையே பூஜ்யமாக மாற்றிவிட்டது. கேபிள் வாங்கியவர்கள் கையில் ஒரே நாளில் அது வெறும் கயிறு ஆனது. கூச்சல் எழுந்து அந்த டிரைவரைத் திரும்பப் பெற்றார்கள். போலி செய்தவனை விட்டுவிட்டு வாங்கியவனை அடித்தது எனக்கு இன்றும் ஒப்பவில்லை. ஆனால் சிப் நல்ல சிப்.

நல்லது என்று ஏன் சொல்கிறேன் என்றால், காம் போர்ட் எண், அதாவது செருகிய கேபிளுக்கு விண்டோஸ் கொடுக்கிற எண். இது சின்ன விஷயமாகத் தெரியும். எஃப்டி232ஆர் ஒவ்வொன்றிலும் தனித்தனி சீரியல் எண் உண்டு, அதனால் லேப்டாப்பின் எந்த யூஎஸ்பி ஓட்டையில் செருகினாலும் எனக்குக் காம் 5-தான். சிஎச்340 சிப் போட்ட கேபிளில் பெரும்பாலும் அந்தச் சீரியல் எண் கிடையாது. ஓட்டை மாறினால் எண் மாறும். முன்பு என் லேப்டாப்பில் காம் 23 வரைக்கும் போயிருந்தது. ஏணியில் நின்றுகொண்டு இது 14-ஆ 17-ஆ என்று தேடுகிற கொடுமை இருக்கிறதே.

அதற்காகச் சிஎச்340-ஐ நான் மட்டம் தட்டமாட்டேன். சீனத்துச் சிப், விலை மூன்றில் ஒரு பங்கு, 9600-க்கு எந்தக் குறையும் வைக்காது. என்னோடு வருகிற தம்பி அதைத்தான் வைத்திருக்கிறான். அவன் உபுன்டு லினக்ஸ் ஆள். 22.04-க்கு மாறியதும் கேபிளைச் செருகினால் போர்ட் வந்த கணமே மறைந்தது. பார்வையற்றோருக்கான பிரெய்ல் கருவி என்று நினைத்து பிஆர்எல்டிடிஒய் என்கிற சேவை அதைப் பிடித்துக்கொள்கிறது. அதை நீக்கியதும் சரியானது. லினக்ஸில் எந்தக் கேபிள் ஆனாலும் உங்கள் பெயரை டயல்அவுட் குழுவில் சேர்க்க மறக்காதீர்கள், மறந்தால் அனுமதி இல்லை என்று நிற்கும்.

பதினாறு மாதத்தில் இந்தக் கேபிள் தன் காசைத் திரும்பக் கொடுத்த இன்னொரு நாள், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. சிஸ்கோ 2960-எக்ஸ். கன்சோலில் பூட் ஆகிற வரிகள் எல்லாம் அழகாக ஓடுகின்றன, லாக் வருகிறது. ஆனால் நான் தட்டுகிற எதுவும் உள்ளே போகவில்லை. வருவது வருகிறது, போவது போகவில்லை. பழைய நாளாக இருந்தால் கேபிளில் ஒரு கம்பி அறுந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டுக் கிளம்பியிருப்பேன், அறிகுறி அச்சு அசலாக அப்படித்தான். தாயத்தை மாட்டினேன். எழுத்து திரும்பி வந்தது. கேபிள் சுத்தம். ஃப்ளோ கன்ட்ரோல் பார்த்தேன். புட்டி தானாக எக்ஸ்ஆன்/எக்ஸ்ஆஃப் என்றுதான் வைத்திருக்கும், அதை நான் எப்போதோ "நன்" ஆக்கிச் சேமித்துவிட்டேன். அதுவும் சுத்தம்.

சரி, பிரச்சினை ஸ்விட்ச் பக்கம்தான் என்று ரேக்கின் முன்னால் வந்து நிதானமாகப் பார்த்தேன். இந்த மாடலில் ஆர்ஜே-45 கன்சோல் பின்பக்கம், முன்பக்கம் மினி யூஎஸ்பியில் இன்னொரு கன்சோல். அந்த மினி யூஎஸ்பியில் ஒரு கறுப்பு வயர் செருகியிருந்தது. பிடித்துக்கொண்டே போனால், கீழே கேமரா பார்க்கிற கம்ப்யூட்டரில் போய் முடிகிறது. எப்போதோ யாரோ வேலை பார்த்துவிட்டு அப்படியே விட்டுப் போனது. இரண்டும் மாட்டியிருந்தால் வெளிவருகிற எழுத்து இரண்டு பக்கமும் வரும், உள்ளே போகிற எழுத்தை மட்டும் யூஎஸ்பி பக்கம்தான் கேட்கும். அதுதான் இயல்பு ஏற்பாடு, லைன் கன்சோலில் மீடியா-டைப் ஆர்ஜே45 என்று கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். வயரை உருவினேன். கன்சோல் ஆர்ஜே45-க்கு மாறியது என்று திரையில் ஒரு வரி. என்டர் தட்டினேன், பிராம்ப்ட். டெய்லர் மெஷின் சத்தத்துக்கு நடுவில் நான் மட்டும் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பிரேக் சிக்னலும் ஒழுங்காகப் போகிறது. பழைய ரூட்டரில் பாஸ்வேர்டு தெரியாமல் உள்ளே போகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். பூட் ஆகும்போது பிரேக் (நிறுத்து என்கிற சைகை) கொடுத்தால்தான் ரோம்மான் என்கிற அடிப்படைத் திரை வரும், கான்ஃபிக் ரெஜிஸ்டரை 0எக்ஸ்2142 ஆக்கி, சேமித்த பாஸ்வேர்டைத் தாண்டி பூட் செய்யலாம். என் பழைய கேபிள் பிரேக்கை விழுங்கிவிடும். அப்போதெல்லாம் ஸ்பீடை 1200-க்கு இறக்கி, ரூட்டரை ஆன் செய்து, பத்துப் பதினைந்து நொடிக்கு ஸ்பேஸ் பாரை அழுத்திக்கொண்டே இருப்பேன். மெதுவாக வருகிற அந்த எழுத்தை 9600-இல் கேட்கிற ரூட்டர் பிரேக் என்று எடுத்துக்கொள்ளும். குறுக்கு வழிதான், ஆனால் வேலை செய்யும். இப்போது புட்டியின் தலைப்பட்டையில் வலது கிளிக், ஸ்பெஷல் கமாண்டில் பிரேக், அவ்வளவுதான்.

ஸ்பீடு விஷயத்தில் கேபிளால் ஆகக்கூடியது எதுவுமில்லை, ஆனால் வாங்கியவர்கள் கேபிளைத் திட்டுவது இதற்காகத்தான். கறுப்புத் திரைக்குப் பதிலாகக் கேள்விக்குறியும் பெட்டியுமாகக் குப்பை கொட்டினால் சந்தோஷப்படுங்கள், நான் சொன்ன கிரவுண்டு விஷயம் இல்லையென்றால் கம்பி நன்றாக இருக்கிறது, ஸ்பீடு மட்டும்தான் தப்பு. சிஸ்கோவும் ஜூனிப்பரும் ஃபோர்ட்டிகேட்டும் 9600. மைக்ரோடிக் 115200. அரூபா சிஎக்ஸும் 115200. பழைய எச்பி புரோகர்வ் என்டரை இரண்டு மூன்று தடவை தட்டினால் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். இவை ஆலையிலிருந்து வருகிறபோது உள்ள கணக்கு, நடுவில் யாராவது மாற்றி வைத்திருந்தால் அது அவரவர் தலைவிதி.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். முதலாவது கிளிப். ஆர்ஜே-45 முனையில் நாக்கு மாதிரி இருக்கிற பிளாஸ்டிக் ஐந்தாவது மாதமே ஒடிந்தது. பையிலிருந்து இழுக்கும்போது ஜிப்பில் மாட்டிவிட்டது. நாக்கின்மேல் ரப்பர் மூடி ஒன்று கொடுத்திருந்தால் ஒடிந்திருக்காது, 1,250 ரூபாய் வாங்குகிறவர்கள் அதைக் கொடுக்கலாம். கேபிள் டையை வெட்டி அந்த இடத்தில் நுழைத்து வில் மாதிரி வளைத்து வைத்திருக்கிறேன், பிடித்துக்கொள்கிறது, பார்க்கத்தான் லட்சணமில்லை.

இரண்டாவது நீளம். 1.8 மீட்டர் மேசைமேல் வைத்து வேலை செய்ய ஏராளம். மில்லில் ரேக்கை ஆள் உயரத்துக்கு மேலே சுவரில் மாட்டியிருப்பார்கள், கன்சோல் வேறு பின்பக்கம். லேப்டாப்பை ஏணிப்படிமேல் வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் தட்ட வேண்டியிருக்கிறது. இதற்கு நான் கண்ட வழி, ஓடிஜி அடாப்டர் மாட்டி ஆண்ட்ராய்டு போனில் செருகுவது. சீரியல் டெர்மினல் ஆப் போட்டால் எந்தத் தகராறும் இல்லாமல் ஓடுகிறது. போனில் கமாண்ட் அடிப்பதற்குப் பொறுமை வேண்டும்.

மூன்றாவது, யூஎஸ்பி பக்கம் பழைய டைப்-ஏ. புது லேப்டாப் வைத்திருப்பவர்கள் டைப்-சிக்கு ஒரு அடாப்டர் தனியாகத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். டைப்-சி முனையோடும் இதே கேபிள் வருகிறது, இப்போது வாங்குகிறவர்கள் அதைப் பாருங்கள்.

எச்சரிக்கையாக ஒன்று. ஆர்ஜே-45 என்பதால் எல்லா ஓட்டையிலும் இது நுழையும். லேன் கம்பியிலேயே கரன்ட் அனுப்புகிற பாசிவ் பிஓஇ போர்ட்டில் கை தவறிச் செருகிவிட்டால் 24 வோல்ட் நேராக வந்து இறங்கும், சிப்பைக் காடாத்தி விட வேண்டியதுதான். யூபிஎஸ்ஸின் பின்னால் இதே போல ஒரு ஓட்டை இருக்கும், ஊசி அமைப்பு வேறு. சில யூபிஎஸ் தப்பான கேபிளைச் செருகினால் மொத்தமாக அணைந்துவிடும், கூடவே சர்வரும். அதற்கு அதன் கேபிளைத்தான் போட வேண்டும்.

யார் வாங்கலாம்? மாதம் ஒரு தடவையாவது கன்சோலில் உட்காருகிறவர்கள் யோசிக்காமல் வாங்கலாம். வருடத்தில் ஒரு நாள் என்றால் சிஎச்340 போதும், மீதிப் பணத்துக்குக் குடும்பத்தோடு அன்னபூர்ணாவில் சாப்பிடலாம். படிக்கிற பிள்ளைகளுக்கும் அதுவே போதும். எதை வாங்கினாலும் இரண்டு அங்குலக் கம்பியும் ஒரு ஐஓவும் மட்டும் கூட வைத்துக்கொள்ளுங்கள். என் மதிப்பெண் ஐந்துக்கு நாலு. குறைந்த ஒன்று அந்தக் கிளிப்புக்கு.

போன வாரம் தம்பி இதை உடுமலைப்பேட்டைக்கு ஒரு வேலைக்கு எடுத்துப் போனான், அங்கேயே ரேக்கில் விட்டுவிட்டு வந்துவிட்டான். கேட்டால், "அவிகளுக்கு அவசரத்துக்கு ஆகுமுங்கண்ணா" என்கிறான். நேற்று மறுபடி காந்திபுரம் மாடிப்படி ஏறினேன். பெரியவர் என்னைப் பார்த்ததும், "வரமாட்டீங்கன்னு சொன்னனே தம்பி" என்றார். விலை 1,400 ஆகியிருந்தது. புதுக் கேபிளில் கிளிப்புக்கு ரப்பர் மூடி போட்டிருக்கிறார்கள்.